அண்ணாவியாரும் சான்றிதழும்

சென்ற மாதம் நம்முடைய பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். படுவான்கரைக் கிராமம் ஒன்றிலே பிறந்தவன். கையிலே ஒரு விண்ணப்பப் படிவம். அதனுடன் பத்திரிகையிலிருந்து கத்தரித்த விளம்பரத் துண்டு. கடற்கரையோர உல்லாச விடுதி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பயிற்றுநர் தேவை என்று அதில் கண்டிருந்தது. வயதெல்லையையும் ஆங்கில அறிவையும் குறிப்பிட்ட பின்னர், உடற்கல்வியில் அல்லது விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோடு விளம்பரம் முடிந்தது. இவனிடம் பட்டம் இல்லை. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியும் பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளி கிட்டாமற் போனவன். ஆனால் பன்னிரண்டு வயது தொடக்கம் சிலம்பம் பழகியவன். ஊர்க் கூத்திலே அருச்சுனனாக விடியுமட்டும் ஆடியவன். நகரத்துச் சிறிய உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் நான்காண்டு காலம் பிறருக்குப் பழக்கிக் கொடுத்தவன். "சேர், இதை அனுப்பலாமா? பட்டம் கேக்கிறாங்களே" என்றான்.

அனுப்பத்தான் வேண்டும் என்றோம். படிவத்தை ஆறுதலாகப் பார்த்து வைப்பதாகச் சொல்லி அவனை அனுப்பினோம். அவன் சென்ற பின் அந்த விளம்பரத் துண்டு நம் மேசைமீது கிடந்து நம்மை வினவிக்கொண்டே இருந்தது. மனித உடலைப் பயிற்றும் தொழிலுக்குப் பட்டம் வேண்டும் என்ற வழக்கம் எப்போது தோன்றிற்று? அதற்கு முன்னர் அத்தொழிலைச் செய்தவர் யார்? அவருடைய தகுதியை அளந்தவர் யார், எதைக் கொண்டு அளந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமே அவ்வரலாற்றின் பெரும்பகுதி கிடக்கின்றது.

வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே அது படும் பக்கம் படுவான்கரை. இரு கரையிலும் 'அண்ணாவி' என்ற சொல் இன்றும் மரியாதையோடு வழங்குகிறது. கூத்துப் பழக்குபவரும் அண்ணாவி; சிலம்பம் பழக்குபவரும் அண்ணாவி; முஸ்லிம் ஊர்களிலே சீனடி சிலம்படியும் பொல்லடியும் பழக்குபவரும் அண்ணாவியே. ஒரே சொல் இத்தனை வித்தைகளுக்கும் பொதுவாக நிற்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. இவையனைத்தும் உடலைக் கருவியாகக் கொண்ட வித்தைகள். இவற்றைக் கற்பிப்பவன் முதலில் உடலை அறிந்திருத்தல் வேண்டும்.

கூத்து என்றதும் பாட்டையும் ஒப்பனையையும் நினைப்பவர்கள் ஒருமுறை பழக்கக் களரிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. வேளாண்மை வெட்டி முடிந்து கை ஓய்ந்த காலத்தில், பகலெல்லாம் வெயிலிலே நின்ற உழவரும் மீன்பிடிப்போரும் இரவிலே வட்டக்களரியில் கூடுவர். அண்ணாவியார் அவர்களுக்குச் சட்டங் கொடுப்பார். அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று வகுத்து ஏட்டைக் கொடுப்பார். அந்த வகுப்பிலேயே அவருடைய கல்வி தெரிந்துவிடும். எவனுக்கு மூச்சு நீளும், எவனுக்கு முழங்கால் தாங்கும், எவன் பாய்ச்சல் எடுத்தால் நிலை குலையாமல் நிற்பான் என்பதைப் பார்த்தல்லவா வீமனையும் கண்ணனையும் தெரிவுசெய்ய வேண்டும்? பின்னர் மாதக்கணக்கிற் பழக்கம். எட்டு, வீசாணம், நாலடி, குத்துமிதி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டங்கள் காலுக்கு ஏறும். மத்தளம் அண்ணாவியார் கையில், பக்கத்தில் சல்லாரி. வடமோடிக்காரன் பாரமான உடுப்பையும் முடியையும் அணிந்துகொண்டு ஆடவேண்டும், ஆடிக்கொண்டே பாடவும் வேண்டும். இரவு தொடங்கினால் விடியும். இன்றைய உடற்பயிற்சி நிலையங்களிலே இதயத்தின் தாங்கு திறனை வளர்க்கவென்று ஓடுபொறிமேல் ஓட விடுகிறார்கள். அந்தத் தாங்கு திறனுக்குப் பெயர் வைக்காமலே வளர்த்தவர் அண்ணாவியார்.

அவரிடம் சான்றிதழ் இல்லை. ஆனால் அவருக்குச் சோதனை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சதங்கை அணிந்து, ஒத்திகை முடித்து, அரங்கேற்றம் என்ற ஒரு நாள் வரும். அன்று களரியைச் சுற்றி ஊர் முழுவதும் இருக்கும். அயலூர் அண்ணாவிமாரும் வந்திருப்பர். அவர்கள் கண்ணுக்குத் தப்பித் தாளம் பிசக முடியாது. ஆட்டக்காரன் களைத்துச் சோர்ந்தால் பழி அவனுக்கன்று, பழக்கினவருக்கே. அடுத்த ஆண்டு அவரை எந்த ஊரார் அழைப்பர் என்பது அந்த ஓர் இரவிலே தீர்மானமாகிவிடும். மூடிய அறையில் எழுதி, முகந்தெரியாதவர் திருத்தி, தபாலில் பெறுபேறு வரும் சோதனையைவிட இது எளியது என்று நாம் சொல்லத் துணியோம்.

தகுதியை இப்படி வகுப்பது தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துப் பார்க்கலாம். மாதவி ஐந்து வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் ஆடித் தலைக்கோற் பட்டம் பெறுகிறாள். ஆனால் அக்காதையின் கணிசமான பகுதி மாதவியைப் பற்றியதன்று. அவளைப் பயிற்றிய ஆசிரியர்களைப் பற்றியது. ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரும் என்னென்ன அறிந்திருத்தல் வேண்டும் என்று இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். எங்கே படித்தவர், யாரிடம் முத்திரை பெற்றவர் என்ற பேச்சு அங்கே இல்லை. என்ன தெரியும் என்பதே பேச்சு.

யாழாசிரியனுக்குரிய அந்த அடிகளுக்கு உரை காணப் புகுந்ததிலிருந்துதான் சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் விரிந்தது. அடிகளார் இந்த வாவிக்கரையின் பிள்ளை. 1892இல் காரைதீவிலே பிறந்தவர். அவருடைய கல்வி வரலாறு நம் விடயத்துக்கு மிக நெருங்கியது. மயில்வாகனம் என்ற பிள்ளைத் திருநாமத்தோடு மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று கேம்பிரிட்ஜ் சோதனையிலே தேறினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் சோதனையில் தேறினார். இலங்கையர் ஒருவர் அதிலே தேறியது அதுவே முதன்முறை. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். இலண்டன் மாநகரத்து வகுப்பறை ஒன்றிலும் அவர் அமர்ந்து படித்தவர் அல்லர். எப்படி முடிந்தது? 1858ஆம் ஆண்டிலேயே அப்பல்கலைக்கழகம் தன் சோதனைக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. எந்தக் கல்லூரியில் இருந்தாய் என்று கேளாமல், வந்து எழுது, அறிந்திருந்தால் பட்டம் பெறு என்றது. மதுரைச் சங்கமும் அவ்வாறே. அந்தத் திறந்த கதவு இல்லாதிருந்தால் காரைதீவுச் சிறுவனுக்கு யார் பட்டம் கொடுத்திருப்பார்கள்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்முடைய மாணவனிடம் கேட்கப்படும் பட்டமும் அடிகளார் பெற்ற பட்டமும் பெயரால் ஒன்று. ஆனால் அது அறிவைச் சோதிக்க வந்தது. இது, மூன்று நான்கு ஆண்டு ஒரு வளாகத்திலே இருக்க வாய்ப்புப் பெற்றவனா என்பதையும் சேர்த்துச் சோதிக்கிறது. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலைநாட்டு வரலாற்றுக்குச் செல்வோம்.

சுவீடன் நாட்டுத் தலைநகரில் பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813இல் தேகப்பயிற்சிக்கென ஒரு மத்திய நிறுவனம் அமைத்தார். தேகப்பயிற்சி ஆசிரியரை முறையாகப் பயிற்றும் ஐரோப்பிய நிறுவனங்களுள் அது முற்பட்டது. அதற்கு மறு ஆண்டு, 1814இல், வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்பிலே வந்திறங்கினார். ஓராண்டு முடியுமுன்னரே இங்கே மாண்டுபோன அவர், அக்குறுகிய காலத்திற் பாடசாலைகளைத் தொடங்கிவைத்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வரலாறு அவரிலிருந்தே தொடங்குகிறது. ஆக, தேகப்பயிற்சி ஆசிரியன் என்ற புதிய உத்தியோகமும் வாவிக்கரையின் ஆங்கிலப் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய ஒத்த வயதின. பின்னாளில் இரண்டும் சந்தித்தன.

ஆனால் லிங் அமைத்த நிறுவனத்தின் வழியாக அச்சந்திப்பு நேரவில்லை. பட்டாளத்தின் வழியாகவே நேர்ந்தது. 1860இல் ஆங்கிலேய இராணுவம் பன்னிரண்டு சார்ஜன்ட்டுகளைத் தெரிந்து, ஒக்ஸ்போர்ட்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய ஆர்ச்சிபால்ட் மக்லாரனிடம் அனுப்பியது. அவர்கள் கற்றுக்கொண்டு போய்ப் படைக்குக் கற்பித்தார்கள். பின்னர் ஆங்கில நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் இத்தகைய படைவீரரே பிள்ளைகளுக்கு டிரில் பழக்கினர். நம் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் 'டிரில் மாஸ்டர்' என்ற சொல் நெடுங்காலம் நிலைத்திருந்ததன் பின்னணி இதுவே. அவரிடம் பட்டமா இருந்தது? படையிலிருந்து விலகிய சீட்டும், விறைத்த முதுகும், உரத்த குரலும் இருந்தன. போதும் என்று எண்ணினார்கள். போதாது என்பதே நம் கருத்து. குழந்தையின் உடலைப் படைவீரனின் உடலாகப் பாவித்த அந்த முறை பல தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சியைத் தண்டனையாக்கிவிட்டது. அத்தோடு ஒரு வேடிக்கை: டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குள்ளே சம்பளத்துக்கு நின்ற அதே காலத்தில், அவரைவிட உடலை நன்கறிந்த அண்ணாவியார் மதிலுக்கு வெளியே வயலில் நின்றார். அவருடைய வித்தைக்குப் பாடவேளையில் இடமில்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் முக்கியமானவர். 1920இல் சென்னையிலே வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்திய உபகண்டத்தில் உடற்கல்வி ஆசிரியருக்கு முறையான பயிற்சி அங்கேதான் வேரூன்றியது. இலங்கையிலிருந்தும் சென்று பயின்றார்கள். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு போனவரும் அவரே. 1943இல் இறக்கும்வரை அக்கல்லூரியே அவர் வாழ்வாயிருந்தது. உடற்கூற்றியலும் முதலுதவியும் சுகாதாரமும் தெரியாதவன் பிள்ளைகளின் உடலைத் தொடக்கூடாது என்ற எண்ணத்தை நிலைநாட்டியது அவர் செய்த பெருந்தொண்டு. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அங்கே முதன்முதற் சேர்ந்தவர்களுக்குக் கற்பித்தவர்களை எண்ணிப் பாருங்கள். எந்தத் துறையிலும் முதற் சான்றிதழைக் கொடுத்தவரிடம் அந்தச் சான்றிதழ் இருந்ததில்லை. தொழில் மூத்தது, பட்டம் இளையது. பிறகு இளையது வாசலிலே காவல் நின்று மூத்ததை உள்ளே விட மறுக்கிறது.

மட்டக்களப்பு நகரத்து இளைஞருக்கு வெபர் விளையாட்டரங்கு நன்கு தெரியும். புனித மிக்கேல் கல்லூரியில் விளையாட்டை வளர்த்த வெபர் அடிகளாரின் பெயர் அது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் இந்நகரிலே கூடைப்பந்தை ஊன்றினார்கள். அவர்களுள் ஒருவரான யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிலே காணாமற்போனார். கூடைப்பந்தும் இசையும் இந்நகரப் பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து கிடைத்தவை. துறவியாக வந்தவரை ஊர் பயிற்றுநராக ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் விளையாடக் கற்றுக்கொண்டதே அதற்குப் போதிய ஆதாரமாயிருந்தது.

இனி, இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகவும் தைக்கும் பகுதிக்கு வருகிறோம்.

1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடக உலகம் அன்று திசை திரும்பியது. அந்நாடகத்துக்கு 'நாடகம்' என்னும் கிராமியக் கூத்து வடிவத்தின் இசையையும் முறையையும் கொண்டுவந்து கொடுத்தவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்னும் மரபுவழிக் குருநான்சே. சரச்சந்திரவுக்குப் பல்கலைக்கழகக் கல்வி இருந்தது. ஆனால் அம்மரபு குருநான்சேயிடமே இருந்தது. இதனைக் கண்ட பேராதனைத் தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன் நம் கூத்தின்பால் திரும்பினார். மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடுவிக்க வேண்டும், விடியுமட்டும் ஆடுவதைச் சுருக்கி நகரத்து மேடைக்கு ஏற்றவாறு அமைக்கவேண்டும் என்பது அவர் நோக்கம். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறிற்று. தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' முதலியன வந்தன.

இம்முயற்சிக்கு ஒரு தடை இருந்தது. தமிழ்த்துறையிலே இலக்கணம் தெரிந்தவர் இருந்தனர். சங்க நூலும் காப்பியமும் கற்றுத் துறைபோனவர் இருந்தனர். கல்வெட்டு வாசிப்பவரும் இருந்தனர். காலை எப்படி வைப்பது என்று காட்டத்தக்கவர் இல்லை. அதற்கு வாவிக்கரையிலிருந்து ஆள் அழைக்க வேண்டியிருந்தது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போனார். பட்டம் பெறப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பட்டம் பெறாத அவர் ஆட்டம் பழக்கினார். அன்று கர்ணன் போரில் ஆடிய மாணவருள் ஒருவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. பிற்காலத்தில் அவர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராய் இருந்து கூத்தையும் அண்ணாவிமாரையும் பல்கலைக்கழக எல்லைக்குள் கொண்டுவர அரும்பாடுபட்டார். அவர் செய்த பணியை நாடறியும். எனினும் நாம் சுட்ட வந்தது வேறு. மாணவர் கலாநிதியானார், ஆசான் அண்ணாவியாராகவே இருந்தார். ஒரு வித்தையைப் பற்றி எழுதினால் பட்டம் உண்டு. அந்த வித்தையை உடம்பிலே வைத்திருந்தால் இல்லை.

1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது அமைந்த ஊர் எதுவென்று வாசகர்கள் அறிவர். வந்தாறுமூலைதான். செல்லையா அண்ணாவியாரின் ஊரிலேயே பட்டம் வழங்கும் இடம் எழுந்தது. அவ்வழியே போகும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வருவதுண்டு.

பட்டத்தின் மீது நாடு கொண்ட இந்தப் பற்று எங்கிருந்து வந்தது? ரொனால்ட் டோர் என்ற ஆங்கிலச் சமூகவியலறிஞர் 1976இல் வெளியிட்ட நூலிலே இதனை ஒரு நோய் என்றே பெயரிட்டு ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. மற்றவை இங்கிலாந்து, யப்பான், கென்யா. அவர் சொன்னதன் சாரம் இது: நவீன வளர்ச்சிப் பாதையில் ஒரு நாடு எவ்வளவு பிந்திக் காலெடுத்து வைக்கிறதோ, அவ்வளவு விரைவாக அங்கே தகைமைப் பத்திரங்களின் விலை வீங்கும். வேலை மாறுவதில்லை, அதற்குக் கேட்கும் பத்திரம் மாத்திரம் உயர்ந்துகொண்டே போகும். இதை விளங்கிக்கொள்ள ஆசிரியர்களாகிய நமக்குப் புத்தகம் வேண்டியதில்லை. ஐம்பதுகளில் எஸ்.எஸ்.சி. சித்தியோடு ஆசிரியரானவர்கள் இருந்தார்கள். அவர்கள் கற்பித்த அதே கீழ்வகுப்புக் கணக்கைக் கற்பிக்க இன்று டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும். கணக்கு மாறிற்றா?

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அதன் பயனை அனுபவித்தவர்களே நாம். ஆனால் படித்து வெளிவந்தவருக்குப் போதிய வேலையை இந்தப் பொருளாதாரம் உண்டாக்கவில்லை. 1971இல் கிளர்ந்தெழுந்த தென்னிலங்கை இளைஞரிற் பெரும்பாலோர் படித்துவிட்டு வேலையின்றி இருந்தவர்களே. அதே ஆண்டில் டட்லி சீர்ஸ் தலைமையிலே சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு வந்து, நம் நாட்டு இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் இருக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியை ஆராய்ந்தது. வேலை பத்து, விண்ணப்பம் ஆயிரம் என்றால் முதலாளிக்கு ஒரு சல்லடை வேண்டும். ஆயிரம் பேரையும் அழைத்துச் சோதித்துப் பார்ப்பது செலவு. 'பட்டதாரிகள் மாத்திரம் விண்ணப்பிக்கவும்' என்று ஒரு வரி போடுவதற்குச் செலவில்லை. சல்லடையின் செலவு முழுவதும் விண்ணப்பிப்பவன் தலையிலே விழுகிறது. பட்டம் கிடைக்காதவனைக் குறிவைத்துக் கட்டணம் பெற்றுச் சில வாரங்களிற் சான்றிதழ் தரும் வியாபாரமும் இதன் நிழலிலேதான் தழைக்கிறது.

உடற்கல்விப் பட்டம் நம் நாட்டில் அண்மைக் காலத்தது. 1990களில் தோன்றிய சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் பெலிகுல்லோயாவிலே அதனை வழங்குகிறது. வேறு சில பல்கலைக்கழகங்களும் விளையாட்டு விஞ்ஞானம் கற்பிக்கின்றன. இடங்களோ சில. படுவான்கரைப் பிள்ளை அங்கே போய்ச் சேருவதற்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். போர் நடந்த ஆண்டுகளில் வாவியைக் கடந்து பள்ளிக்கூடம் போவதே பாடாயிருந்த ஊர்கள் அவை. 2009இற் போர் முடிந்தது. பாசிக்குடாவிலே விடுதிகள் எழுந்தன. விடுதிகளுக்குள் உடற்பயிற்சிக் கூடங்களும் வந்தன. கட்டடம் கட்டும்போது சீமெந்து சுமக்கப் படுவான்கரை இளைஞனிடம் யாரும் பட்டம் கேட்கவில்லை. உள்ளே குளிரூட்டிய அறையிலே பிறருக்குப் பாரந் தூக்கக் கற்பிக்க வேண்டுமென்றால்தான் பட்டம்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. உடற்பயிற்சி நிலையத்துக்கு வருபவர் எல்லோரும் இருபது வயதுக் கட்டுமஸ்தான வாலிபர் அல்லர். நீரிழிவுக்கு மருந்துண்பவர் வருகிறார். நெஞ்சு வலி கண்டவர் வருகிறார். மகப்பேறு கழிந்த தாய் வருகிறாள். இவர்களுக்கு எது ஆகும், எது ஆகாது, மயங்கி விழுந்தால் முதல் ஐந்து நிமிடத்திற் செய்யவேண்டியது என்ன என்பதைச் சிலம்பக் களரி கற்றுத்தராது. தசை பெருக்கவென்று கண்ட மருந்தையும் ஊசியையும் இளைஞருக்குச் சிபாரிசு செய்யும் போலிப் பயிற்றுநரையும் நாம் கண்டிருக்கிறோம். அண்ணாவி மரபுக்கும் குறைகள் உண்டு. வித்தையின் கடைசி நுட்பத்தைச் சீடனுக்குச் சொல்லாமல் தன்னோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் அதிலொன்று. பெண்களுக்குக் களரியில் நெடுங்காலம் இடமிருக்கவில்லை. பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். சாதியின் பெயரால் களரிக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் உண்டு. பறைமேளத்தோடு ஆடியோரின் உடற்கலைக்கு ஊர் உரிய மதிப்புக் கொடுத்ததில்லை. பழையது என்பதற்காக இவற்றைப் பாராட்ட நம்மால் முடியாது. திறந்த சோதனை ஒன்று இருந்தால் பெண்ணும் ஒதுக்கப்பட்டவனும் அதனூடே உள்ளே வரலாம். ஊர்ப் பெரியவரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விபுலாநந்த அடிகளுக்குத் திறந்திருந்த கதவின் பெருமை அதுதான்.

ஆகவே சோதனை வேண்டும். எதைச் சோதிப்பது என்பதிலேதான் வழக்கு. ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழும் பிரான்சு நாட்டை எடுத்துக்கொள்வோம். கூலி பெற்று உடற்பயிற்சி கற்பிப்பவரிடம் தகைமைப் பத்திரம் இருக்கவேண்டும் என்று அங்கே 1963 ஆகஸ்டிலேயே சட்டம் வகுத்தார்கள். இவ்விடயத்தில் கண்டிப்பான நாடு அது. அதே நாடுதான் 2002 சனவரியில் இன்னொரு சட்டமும் செய்தது: மூன்றாண்டு தொழில் அனுபவமுள்ளவர் அதனை எழுதிக்காட்டி நடுவர் குழுவின் முன் நிரூபித்தால், வகுப்புக்குச் செல்லாமலே தகைமைப் பத்திரம் பெறலாம். ஆண்டுக் கணக்கையும் பின்னர் தளர்த்தினார்கள். அமெரிக்காவிலோ உடற்பயிற்சிப் பயிற்றுநருக்குப் பட்டம் வேண்டும் என்ற பொதுச்சட்டமே இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி போன்ற தொழிற் சங்கங்கள் சோதனை வைத்துச் சான்றளிக்கின்றன. அச்சங்கம் இதை 1975இல் தொடங்கியது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இப்படியொரு வழி இருக்கிறது, பலர் அறியார். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. அதன் மேற்பார்வையிலே ஏழு நிலைகள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறை நடைபெறுகிறது. முன் கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் ஒரு பகுதி. தொழிலைக் கையாற் பழகிய ஒருவர், அத்தொழிலுக்குத் தேசியத் தேர்ச்சி நியமம் வகுக்கப்பட்டிருந்தால், தாம் செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்து மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, மூன்றாம் நான்காம் நிலைச் சான்றிதழைப் பெறலாம். மேசன்மாரும் மின்னிணைப்பாளரும் வாகனம் திருத்துவோரும் இவ்வாறு பெற்றிருக்கிறார்கள். செய்து காட்டு என்று கேட்பதனால் இது அரங்கேற்றத்தின் தம்பி முறையானது. ஆனால் பத்திரிகை விளம்பரத்தை எழுதுகிறவர்கள் 'பட்டம்' என்று எழுதுகிறார்களே தவிர, 'பட்டம் அல்லது நிகரான தொழிற் தகைமை' என்று எழுதக் காணோம். பாடசாலைகளிலே உயர்தரம் முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு நாமாவது இதைச் சொல்லுகிறோமா? பல்கலைக்கழகம் கிடைத்தவர் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். கிடைக்காதவருக்கு இவ்வழியைக் காட்ட ஒரு பாடவேளை ஒதுக்கினோமா? குற்றத்தின் ஒரு பங்கு நம்முடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவன் வந்தான். இருவரும் அமர்ந்து படிவத்தை நிரப்பினோம். 'உயர்கல்வித் தகைமை' என்ற கட்டத்தில் உயர்தரப் பெறுபேற்றை உள்ளபடி எழுதினோம். கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. முதலுதவிப் பயிற்சி பெற்ற சீட்டு ஒன்று அவனிடம் இருந்தது. அதன் பிரதியை இணைத்தோம். உடற்பயிற்சி நிலையத்து உரிமையாளரிடம் நான்காண்டு வேலைக்குக் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தோம்; வாங்கி வந்திருந்தான். தொழிற் தகைமைக்கு விண்ணப்பிக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். கடைசியில் 'வேறு தகைமைகள்' என்று நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். "இதில என்ன சேர் எழுதிற?" என்று கேட்டான். கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரையும் ஊரையும், சிலம்பம் பழக்கியவரின் பெயரையும், எத்தனை ஆண்டு பழகினான் என்பதையும், எந்த ஆண்டில் எந்தக் கோயில் முன்றிலில் அரங்கேறினான் என்பதையும் எழுதச் சொன்னோம். இடம் போதவில்லை, தாளின் ஓரத்திலும் எழுதினான்.